பிஞ்சு வயதில் வலிப்பு, பின்னாளில் கல்வி

வலிப்பு வந்த குழந்தையுடன் எங்கள் பிரிவுக்கு வரும் பெற்றோர், முதல் நாள் பதற்றம் தணிந்ததும், பெரும்பாலும் இரண்டு வினாக்களையே கேட்கின்றனர். "மூளை பாதிக்கப்பட்டிருக்குமா?" என்பது ஒன்று. "நாளைக்குப் படிப்பு வருமா?" என்பது மற்றொன்று. நாகூரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வரும் குடும்பங்களுள் சில, இவ்வினாக்களை வாய்விட்டுக் கேட்கவே தயங்குகின்றன. தாயும் குழந்தையும் வெளியே சென்ற பிறகு, பாட்டி மட்டும் பின்தங்கி நின்று தாழ்ந்த குரலில் கேட்பதும் உண்டு. அவ்விரு வினாக்களுக்கும் இயன்ற அளவு தெளிவாக விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடையைச் சுருங்கச் சொன்னால் இதுதான்: எல்லா வலிப்பும் ஒன்றல்ல. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் கற்றலைப் பாதிப்பதில்லை. அரிதாக வரும் சில வலிப்புகளில் கடந்து செல்லும் ஒவ்வொரு வாரமும் இழப்பாகும். எவ்வகை வலிப்பாயினும், அது நிற்பது சிகிச்சையின் ஒரு பாதி. குழந்தையின் வளர்ச்சியையும் கற்றலையும் தொடர்ந்து கவனிப்பது மறுபாதி.

வளரும் மூளையில் நிகழ்வது

பிறக்கும்போது குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் எடையுடையது. இரண்டு வயது நிறைவதற்குள் அது ஒரு கிலோகிராமை நெருங்குகிறது. புதிதாக நரம்பணுக்கள் தோன்றுவதால் இந்த எடை கூடுவதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை கருவிலேயே உருவாகிவிடுகின்றன. அவற்றுக்கிடையே கோடிக்கணக்கான இணைப்புகள் பெருகுவதும், நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்புறை படிவதும் இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி. குழந்தை பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும் இந்த இணைப்புகளுக்கு வேலை தருகின்றன. வேலை பெறும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பெறாதவை நாளடைவில் நீங்குகின்றன.

நம் பகுதி காவிரியின் கடைமடை. தலைப்பில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும், உரிய பருவத்தில் வாய்க்கால் சீராக இல்லையெனில் கடைமடை வயலுக்கு நீர் எட்டாது என்பதை இங்குள்ள உழவர்கள் நன்கு அறிவர். மூளையின் முதல் சில ஆண்டுகளும் அத்தகைய வாய்க்கால் அமைக்கும் பருவமே. பார்வை, பேச்சு, கவனம், நினைவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய பாதைகள் அப்போது வகுக்கப்படுகின்றன.

எண்ணற்ற நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி மின்துடிப்பை வெளியிடுவதே வலிப்பு. பச்சிளம் மூளையில் இது எளிதாக நிகழ்வதற்கு இயற்கையான காரணம் உண்டு. நரம்பணுக்களைத் தூண்டும் அமைப்பு முதலில் முதிர்கிறது. அடக்கும் அமைப்பு பின்னரே முதிர்கிறது. முதிர்ந்த மூளையில் 'காபா' என்னும் வேதிப்பொருள் நரம்பணுக்களை அடக்கும். பிறந்த குழந்தையின் நரம்பணுக்களுக்குள் குளோரைடு மிகுந்திருப்பதால், அதே காபா தூண்டும் வேலையையும் செய்யக்கூடும். காபாவின் வழியே செயல்படும் மருந்துகள் சில பச்சிளங்குழந்தைகளுக்குக் குறைவாகவே பயன் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலிப்புள்ள குழந்தையின் கற்றல் மூன்று வழிகளில் பாதிக்கப்படலாம். முதலாவது, வலிப்பை உண்டாக்கிய மூல நோய். பிறப்பின்போது ஏற்பட்ட மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல், மரபணுக் குறைபாடு ஆகியவை வலிப்பையும் தருகின்றன. கற்றலையும் தனியே பாதிக்கின்றன. இரண்டாவது, நீண்ட நேரமோ அடிக்கடியோ வரும் வலிப்பு, உருவாகிக்கொண்டிருக்கும் இணைப்புகளைக் குலைப்பது. மூன்றாவது, வெளியே வலிப்பு தெரியாத நேரத்திலும் மூளையின் மின்னலைகள் ஓயாது குழம்பியிருப்பது. எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதைக் கண்டறியவே இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ., இரத்தச் சோதனை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறோம்.

காய்ச்சல் வலிப்பு: பெரும்பாலும் அஞ்ச வேண்டியதன்று

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில், 100 பேருக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலுடன் வலிப்பு வருகிறது. உடல் முழுவதும் இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் மீண்டும் வராதிருந்தால் அது எளிய காய்ச்சல் வலிப்பு எனப்படும். பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் இது மூளையைச் சிதைப்பதில்லை.

பிரிட்டனில் 1970 ஏப்ரலில் ஒரு வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் காய்ச்சல் வலிப்பு வந்த ஏறத்தாழ 380 பேரைப் பத்து வயதில் சோதித்தபோது, படிப்பிலும் அறிவுத்திறனிலும் நடத்தையிலும் அவர்கள் பிற குழந்தைகளுக்கு இணையாகவே இருந்தனர். 1998 இல் வெளியான இம்முடிவை அடிப்படையாகக் கொண்டே, "படிப்பு வரும், கவலை வேண்டாம்" என்று அத்தகைய பெற்றோரிடம் உறுதியாகக் கூறுகிறோம்.

மூன்று குழந்தைகளில் ஒருவருக்கு இது மீண்டும் வரலாம். அதற்காக நாள்தோறும் வலிப்பு மாத்திரை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆயினும், வலிப்புக்குப் பின் குழந்தை தெளியாமல் மயங்கிக் கிடந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, கழுத்து விறைத்தாலோ, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையாயினோ மூளைக்காய்ச்சல் இல்லை என்பதை மருத்துவமனையில் உறுதிசெய்தாக வேண்டும்.

பிறந்த முதல் மாதத்து வலிப்பு

ஆயிரம் பிறப்புகளில் ஒன்று முதல் ஐந்து குழந்தைகளுக்குப் பிறந்த முதல் நாள்களில் வலிப்பு வருகிறது. இது பெரியவர்களுக்கு வருவதுபோல் இருப்பதில்லை. கண்கள் ஒருபுறம் நிலைத்து நிற்கலாம். வாய் சப்புவதுபோல் அசையலாம். ஒரு கை மட்டும் சீராகத் துடிக்கலாம். சில நொடிகள் மூச்சு நிற்கலாம். மிகுதியான காரணம் பிறப்பின்போது மூளைக்கு உயிர்வளி குறைவது. இரத்தச் சர்க்கரையோ கால்சியமோ குறைதல், கிருமித்தொற்று, மூளை இரத்தக்கசிவு ஆகியவை பிற காரணங்கள்.

இவற்றுள் சர்க்கரைக் குறைவு நம் நாட்டில் தனிக் கவனத்துக்குரியது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும், நீரிழிவுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கும் முதல் நாள்களில் சர்க்கரை விரைவில் குறைந்துவிடும். அது மூளையின் பின்பகுதியை, குறிப்பாகப் பார்வைக்குரிய இடத்தை, பாதிக்கக்கூடும். சில மாதங்களுக்குப் பின் கடுமையான வலிப்பாகவும் வெளிப்படலாம். இதைத் தடுக்கும் வழி எளியது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்து, பின் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாய்ப்பால் தருதல். சேனை வைப்பதாகக் கூறிச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்து முதல் தாய்ப்பாலைத் தள்ளிப்போடும் வழக்கத்தைக் குடும்பத்துப் பெரியவர்கள் விட்டுவிட வேண்டுகிறோம்.

மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட பச்சிளங்குழந்தையின் உடலைக் குளிர்வித்துக் காக்கும் சிகிச்சை மேலை நாடுகளில் பயன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் நடைபெற்ற 'ஹீலிக்ஸ்' ஆய்வில் சென்னை அரசு மருத்துவமனைகளும் பங்கேற்றன. 2021 இல் வெளியான அதன் முடிவில், அச்சிகிச்சை இறப்பையோ ஊனத்தையோ குறைக்கவில்லை எனத் தெரிந்தது. பாதிப்பு நேர்ந்த பின் திருத்துவது கடினம். ஆகவே கருவுற்ற நாள் முதல் முறையான பரிசோதனையும், உரிய வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவமுமே குழந்தையின் மூளைக்கு முதற்பாதுகாப்பு.

தலை கவிழும் இசிவு: காத்திருக்கக் கூடாதது

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே நினைவில் வைக்க இயலுமெனில், இப்பகுதியை வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

மூன்று மாதம் முதல் ஒரு வயதுக்குள், பெரும்பாலும் நான்கு முதல் ஏழு மாதத்தில், ஒருவகை இசிவு தொடங்குகிறது. குழந்தை உறங்கி எழுந்த சிறிது நேரத்தில் தலை சட்டென்று முன்னே கவிழும். இரு கைகளும் விரிந்து உயரும். ஓரிரு நொடிகளில் உடல் தளரும். சில நொடிகள் கழித்து மீண்டும் அவ்வாறே நிகழும். இப்படிப் பத்து, இருபது முறை தொடர்வரிசையாக வரும். இடையிடையே குழந்தை அழும். காய்ச்சல் இராது, வாயில் நுரை தள்ளாது. எனவே இதை வலிப்பென்று எவரும் ஐயுறுவதில்லை. "திடுக்கிடுகிறான்", "வயிற்று வலி", "உரம் விழுந்திருக்கிறது", "மாந்தம்" என்று சொல்லி வாரங்கள் கடந்துவிடுகின்றன. அதே வாரங்களில் முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்துகிறது. பொம்மையை நோக்கிக் கை நீட்டாமலாகிறது.

இந்நோயை முதன்முதலில் விரிவாக எழுதியவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட். 1841 இல் 'லான்செட்' இதழுக்கு அவர் எழுதிய கடிதத்தில் விவரிக்கப்பட்ட நோயாளி அவருடைய சொந்த மகன். வணங்குவதுபோல் உடல் முன்னே வளைவதால், அவர் கலந்தாலோசித்த இலண்டன் மருத்துவர் அதற்குச் 'சலாம் வலிப்பு' என்று பெயரிட்டிருந்தார். மகனுக்கு ஏதேனும் மருந்துண்டா என்று ஒரு தந்தை உலக மருத்துவர்களிடம் விடுத்த வேண்டுகோள் அக்கடிதம். அன்று மருந்து இல்லை, இன்று உண்டு. ஏ.சி.டி.எச். ஊசி, பிரெட்னிசோலோன் மாத்திரை, விகாபாட்ரின் ஆகியவை பல குழந்தைகளுக்கு இசிவை நிறுத்துகின்றன. இசிவு தொடங்கிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் உள்ள இடைவெளி கூடக்கூட, நான்கு வயதில் குழந்தையின் வளர்ச்சி நிலை குறைகிறது என்பதைப் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியுள்ளது.

ஆதலால், இத்தகைய அசைவுகளைக் கண்டால் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். அடுத்த நாளே குழந்தை மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ உழைக்கும் தந்தை ஊர் திரும்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காணொளி அவரிடமும் சேரும். குழந்தை மருத்துவரிடம் முதலில் சேரட்டும்.

வகுப்பறையில் தெரியும் வலிப்பு

நான்கு முதல் பத்து வயது வரையுள்ள சில குழந்தைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் உறைந்துவிடுகின்றனர். கண் வெறிக்கும், இமை படபடக்கும், அழைத்தால் விடை வராது. பின் ஒன்றும் நடவாததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்வர். நாளொன்றுக்குப் பல பத்து முறை இது நிகழலாம். ஆசிரியர் சொல்லெழுதப் பணிக்கும்போது நடுவே இரண்டு சொற்கள் விடுபடும். "கனவு காண்கிறாள்", "கவனமில்லை" என்று தண்டனையும் கிடைக்கும். இதுவும் ஒருவகை வலிப்பே. குழந்தையை இரண்டு மூன்று நிமிடம் காகிதக் காற்றாடியை ஊதச் செய்தே எங்கள் அறையில் இதைக் கண்டறிய முடிகிறது.

இவ்வலிப்புக்கு எந்த மருந்து ஏற்றது என்பதை நானூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2010 இல் வெளியானது. வலிப்பைக் கட்டுப்படுத்துவதில் இரண்டு மருந்துகள் இணையாக இருந்தும், கவனத்தை அதிகம் பாதிக்காதது அவற்றுள் ஒன்றே என்று தெரிந்தது. அதே குழந்தைகளிடம் மற்றோர் உண்மையும் புலப்பட்டது: ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிகிச்சைக்கு முன்பே கவனக்குறைவு இருந்தது; வலிப்பு நின்ற பின்னும் அது நீங்கவில்லை. வலிப்பு நின்றுவிட்டது என்பதால் கற்றல் தானே சீராகிவிடும் என்று எண்ணுதல் கூடாது என்பதற்கு இது சான்று.

வலிப்பு நின்ற பின் கவனிக்க வேண்டியவை

முதல் ஆண்டில் வலிப்பு வந்த குழந்தையை, மருந்து நின்ற பின்னும் பள்ளி செல்லும் வயது வரை வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைத்து வருவது அவசியம். பின்வருவனவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அடுத்த தவணைக்குக் காத்திராமல் வர வேண்டும்:

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காமை.
ஐந்து மாதம் முடிந்தும் தலை நிற்காமை.
பத்து மாதத்தில் துணையின்றி உட்காராமை.
ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல்.
18 மாதத்தில் நடக்காமை அல்லது பொருளுள்ள ஒரு சொல்லும் பேசாமை.
எந்த வயதிலும், முன்பு செய்ததை இழத்தல்.

கேட்கும் திறனையும் பார்வையையும் தனியே சோதிக்க வேண்டும். சரியாகக் கேட்காத குழந்தையை மந்தம் என்று முடிவு கட்டுவது அநீதி. 2013 இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகின்றன. அக்குழுவிடம் குழந்தைக்கு முன்பு வலிப்பு வந்ததை மறைக்காமல் கூறுங்கள். மேற்சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்கள் பரிந்துரைப்பர். இயன்முறை, பேச்சு, செயல்முறைப் பயிற்சிகளை ஒரே இடத்தில் தருவதற்காக ஏற்பட்டவை இம்மையங்கள்.

வீட்டில் செய்யக்கூடியதும் சிறிதன்று. குழந்தையின் முகம் பார்த்துப் பேசுங்கள். தாலாட்டுங்கள். அடுக்களையின் கிண்ணத்தையும் கரண்டியையும் விளையாடக் கொடுங்கள். கைப்பேசியை அதன் கையில் தருவதைவிட, திண்ணையில் அமர்ந்து கதை சொல்லும் பாட்டியின் மடி அதற்கு மேலானது.

மருந்தும் வழிபாடும்

"மாத்திரையால்தான் பிள்ளை மந்தமாகிறான்" என்ற குறையை அடிக்கடி கேட்கிறோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. பீனோபார்பிட்டோன் போன்ற சில மருந்துகளை நீண்ட நாள் கொடுத்தால் சோர்வோ, மிகைத் துறுதுறுப்போ, கற்றலில் தாமதமோ தோன்றலாம். அதைக் கண்டால் எங்களிடம் கூறுங்கள். அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ வழியுண்டு. பச்சிளங்குழந்தைக்குத் தற்காலிகக் காரணத்தால் வந்த வலிப்பு நின்றுவிட்டால், வீடு திரும்பும் முன்பே மருந்தை நிறுத்தலாம் என்று உலக வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2023 இல் பரிந்துரைத்துள்ளது. தேவையின்றி மருந்தை நீட்டிப்பதில் எங்களுக்கும் விருப்பமில்லை. ஆனால் நீங்களாகவே நிறுத்தினால், வலிப்பு முன்னினும் கடுமையாகத் திரும்பக்கூடும்.

நாகூர் தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் நோய் நீங்க வேண்டி வருகின்றனர். வழிபாட்டால் பெறும் மன ஆறுதலை நாங்கள் மதிக்கிறோம். நாங்கள் வேண்டுவது ஒன்றே: துஆ செய்யும் நாளிலும் மாத்திரை வேளை தவறக் கூடாது. கந்தூரி நாள்களிலும் கோயில் திருவிழாக்களிலும் உறக்கம் கெடுவதும் மருந்து மறப்பதும் வலிப்பைத் தூண்டும். ரமலான் நோன்பு நோற்க விரும்பும் வளர்ந்த பிள்ளைகள், முன்கூட்டியே வந்து மருந்து வேளையை எங்களுடன் கலந்து மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியை நிறுத்த வேண்டாம்

வலிப்பைக் காட்டிலும் பல குழந்தைகளின் படிப்பைக் கெடுப்பது, வலிப்பு வரும் என்ற அச்சத்தால் பள்ளியிலிருந்து நிறுத்துவதே. பெண் குழந்தைகளுக்கு இது மேலும் மிகுதி. வெளியே தெரிந்தால் திருமணம் தடைப்படும் என்று நோயையே மறைக்கின்றனர். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்புநோயுடன் வாழ்கின்றனர்; உரிய சிகிச்சை பெற்றால் அவர்களில் 100 க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வலிப்புநோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கருதிய சொற்களை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999 இலேயே நீக்கிவிட்டனர்.

வகுப்பாசிரியரிடம் நோயைப் பற்றிக் கூறுங்கள். குழந்தையை முன்வரிசையில் அமர்த்தவும், விடுபட்ட பாடத்தை மீண்டும் சொல்லித் தரவும் கேளுங்கள். படித்தும் எழுத்து பிடிபடவில்லையெனில் கற்றல் குறைபாட்டுக்கான சோதனை செய்ய வேண்டும். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அறிவுசார் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்ட குழந்தைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்குகிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களை அணுகுங்கள். குளத்திலும் வெட்டாற்றிலும் கடலிலும் தனியே குளிக்க மட்டும் அனுமதியாதீர்கள். மற்றபடி ஓடட்டும், விளையாடட்டும்.

வலிப்பு வரும்போது

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வாய்க்குள் விரலோ கரண்டியோ நீரோ செலுத்தாதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், மருத்துவர் முன்பே எழுதித் தந்திருப்பின் மிடசோலம் மூக்குத் தெளிப்பை அளித்து, 108 ஐ அழையுங்கள். நீண்டு செல்லும் வலிப்பே மூளைக்குத் தீங்கானது; ஐந்தாம் நிமிடத்தில் நீங்கள் செய்வதே அதைத் தடுக்கும்.

அடுத்த முறை வரும்போது மூன்றைக் கொண்டு வாருங்கள்: வலிப்பு வந்த நாளும் நேரமும் குறித்த ஏடு, கைப்பேசிக் காணொளி, பள்ளி செல்லும் பிள்ளையாயின் அதன் எழுத்துக் குறிப்பேடு. முதல் இரண்டும் நோயை எங்களுக்குக் காட்டும். மூன்றாவது, குழந்தை எப்படிக் கற்கிறது என்பதைக் காட்டும். அதையும் மருந்துச் சீட்டைப் போலவே கருத்துடன் பார்ப்போம்.